முதல் பக்கம் இல்லாத கதைகள்

மைதாப் பசை கொதித்து இறங்கும்போது அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் எழுமே ஒரு கசந்த வாசனை, மர்பி டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அதுதான் இருந்தது. பசையைக் கரப்பான் தின்றுவிடக் கூடாது என்று அம்மா அதைப் போடுவாள். கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. 'ரத்தி பேப்பர்' கடை பாய் பழைய காகிதத்தை மூட்டையாக அனுப்பி வைப்பார். பிலோமினா அக்காவும் நானும் மடிப்போம், அம்மா ஒட்டுவாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்த மூட்டைக்குள் இருந்ததுதான்.

மூட்டையில் எப்போதாவது படக்கதைப் புத்தகம் வரும். வானத்தில் பறக்கிறவன், ரயிலைக் கையால் நிறுத்துகிறவன், இப்படி யாராவது இருப்பார்கள். ஆனால் அட்டை கெட்டித் தாள், பருப்புக் கடைக்குப் போகிற பெரிய பைக்கு அதுதான் தாங்கும் என்று, மூட்டையைப் பிரித்த கையோடு அம்மா அட்டையையும் அதோடு சேர்ந்த முதல் தாளையும் கிழித்து, அவற்றையே முதலில் ஒட்டி முடித்துவிடுவாள். அதனால் எங்கள் கைக்கு வந்த கதை எதற்கும் தலை இருந்ததில்லை. பறக்கிறவன் பறந்துகொண்டே வருவான். ஏன் பறக்கிறான் என்பது அதற்குள் ஏதோ கடையில் துவரம்பருப்பைச் சுமந்துகொண்டிருக்கும்.

தலையை வைத்துக் கொடுத்தது அக்காதான். "இவன் யாருன்னா..." என்று இழுத்து ஆரம்பிப்பாள். "இவன் அல்சூர் ஏரியாண்ட பொறந்தவன்டி. இவங்கம்மா துணி தொவைக்கறப்போ இடி வுழுந்து இவனுக்குள்ள பூந்துடுச்சி. அதான் பறக்கறான்."

அடுத்த முறை வேறொருவன் வந்தால் அவனும் அந்த ஏரிக்கரையில்தான் பிறந்திருப்பான்.

"எல்லாருமே அல்சூர்தானாக்கா?"

"பின்ன, விதான சௌதாவுலயா பொறப்பான்?"

பசைக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா சொல்வாள், "பை மடிக்கச் சொன்னா பைபிள் கணக்கா படிச்சினு குந்திகிறாளுங்க. பறக்கறவன் வந்து ஒட்டிக் குடுப்பானா?" நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஆனால் கதைக்குள் போய்விட்டிருப்போம். யாரிடமும் நாலு வார்த்தை பேச வராத எனக்கு, கூச்சம் இல்லாமல் நுழைய முடிந்த இடம் அது ஒன்றுதான்.

இதை என் மகள் ஸ்டெல்லாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அண்மையில் அவள் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். தமிழில் புதிதாகத் தொடங்கியிருக்கும் சூப்பர் ஹீரோ வரிசையாம். "இதான்மா ஃபர்ஸ்ட் புக்கு. முன்னாடி எதுவும் படிச்சிருக்க வேணாம், புதுசா வர்றவங்க இங்கருந்தே ஆரம்பிக்கலாம்னு போட்டிருக்கான் பாரு," என்றாள். பளபளவென்று அட்டை. முதல் தாளும் பத்திரமாக இருந்தது.

எனக்கு உடனே அக்காவின் ஞாபகம் வந்தது. அவள் இப்போது சந்தாபுராவில் மகன் வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச காலமாக அவளுக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. என்னையே சில நாள் "நீங்க யாருங்க?" என்று கேட்பாள். முன்கதை தெரியாதவர்களுக்கென்றே ஒரு கதை வந்திருக்கிறது என்றால், அது அவளைத் தவிர வேறு யாருக்கு? இதைப் பிடித்துக்கொண்டாவது என்னிடம் வந்துவிடுவாள் என்று ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன்.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் ஒருவன் மாடியில் நின்று, மறுபடியும் வந்துவிட்டேன் என்கிறான். கீழே ஊரே அவன் பெயரைச் சொல்லி அழுகிறது. எங்கே போனான், ஏன் வந்தான், ஒன்றும் இல்லை. நாலாம் பக்கத்தில் ஒருத்தி வந்து பழைய பகையை நினைத்துக்கொள் என்கிறாள். அவளையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேரைத் தவிர. புதியவர்களை வாருங்கள் என்று அட்டையில் கூப்பிட்டுவிட்டு உள்ளே உட்கார இடம் போடாத வீடு மாதிரி இருந்தது.

"யார் இவன்?" என்று கேட்டாள் அக்கா.

எனக்குப் புனையத் தெரியாது, அது அவள் வேலை. வேறு வழியில்லாமல் அவள் சொன்னதையே எடுத்தேன். "இவன் யாருன்னா... அல்சூர் ஏரியாண்ட பொறந்தவன்கா." இடி விழுந்தது வரை சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நல்லாகீதே. யார் சொன்னாங்க?"

"நீதான்கா."

"போம்மா. எனக்குக் கதையெல்லாம் வராது." பக்கத்தைத் திருப்பி, மாடியில் நிற்கிறவனிடமே வந்தாள். "யார் இவன்?"

புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று எங்கள் தெருவில் பை ஒட்டுகிற வீடு ஒன்றுகூட இல்லை. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அம்மா போய் எத்தனையோ காலமாயிற்று. அந்தக் கதைகளின் தலை அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. இப்போது அவளிடமும் இல்லை.

அடுத்த ஞாயிறு போனபோது புத்தகம் கட்டிலில் கிடந்தது. அட்டையும் முதல் தாளும் இல்லை. அக்காவின் மடியில் ஒரு பை இருந்தது, பருப்புக் கடைக்குப் போகிற பெரிய பை, அடி மடிப்பு கொஞ்சமும் கோணாமல். என்னைப் பார்த்து, யாரோ வேலைக்கு வந்தவளிடம் கேட்கிற மாதிரி கேட்டாள், "பசை எங்கம்மா?"