மரப் பால்

டில்லி சாணக்யபுரியில் குடியிருந்த வியட்நாம் ஓவியர் லானிடம் வடிவு வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தெட்டு கோடையில். பாத்திரம் தேய்க்கப் போனவளை லான் படம் தேய்க்க வைத்துக்கொண்டாள். நம் ஊர் மரச்சொப்புக்குப் பூசும் அரக்கைப் பூச்சி தருகிறது. அவர்கள் அரக்கு மரத்தில் வடியும் பால். ஜப்பான், சீனாவிலும் அப்படித்தானாம். அந்தப் பாலைப் பலகையில் பூசி, முட்டையோட்டுத் துண்டும் வெள்ளித் தாளும் பதித்து, மேலே மறுபடி பூசுவார்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்தால்தான் அடியில் இருக்கும் படம் வெளியே வரும்.

கறுப்புக்குள்ளிருந்து ஒரு தாமரைக் குளம் எழுந்து வந்த அதிசயத்தைப் புருஷன் கலியனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள் வடிவு. அவன் ஈரல் கெட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாயங்காலக் கஞ்சியை அவள்தான் ஊட்ட வேண்டும். வேறு யாருக்கும் வாய் திறக்க மாட்டான், அவ்வளவு செல்லம்.

லான் பம்பாய் போயிருந்த சமயம் வடிவின் முகம் வீங்கிப்போயிற்று. கை, கழுத்தெல்லாம் கொப்புளம். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் பக்கத்துக் குடிசை ஆராயி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காடி. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் வாசப்படி தாண்டாத."

பெரியம்மை ஒழிந்தது என்று ரேடியோ போன வருஷமே சொல்லிவிட்டது. ரேடியோ சொன்னால் போதுமா, மாரியாத்தா ஒப்புக்கொள்ள வேண்டாமா?

"அவரு பாத்துக்கிட்டே இருப்பாரே அக்கா."

"இத்துப்போன ஒடம்பு. அவருக்கும் ஒட்டிச்சின்னா தாங்குவாரா?"

வடிவு வேப்பிலையைப் பரப்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சியை ஆராயி கொண்டுபோனாள். அம்மை என்றால் கலியன் பயந்துவிடுவான் என்று, "வேலை ஜாஸ்தி, நாளைக்கு வருவா" என்றே தினமும் சொல்லிவைத்தாள். கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் தண்ணீர் ஊற்றிய அன்று அவன் போய்ச் சேர்ந்தான். பாடை கிளம்பியபோதும் வடிவைக் கிட்டே விடவில்லை. பாவி, எட்ட நின்றே அழுதாள்.

ஆளைக் காணோமே என்று லான் கேம்ப்புக்கே தேடி வந்தாள். வடிவின் கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்; நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் கையிலிருந்த பழைய தழும்புகளைக் காட்டி, அரைகுறை ஹிந்தியில், "அச்சா, அச்சா! இது மரப் பால் செய்யற வேலை. எங்க ஊர்ல தொட்டவங்க எல்லாருக்கும் முதல்ல வரும், தானே போயிடும்" என்றாள்.

"அடுத்தவங்களுக்கு ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாது."

வடிவு மெல்ல ஆராயி பக்கம் திரும்பினாள்.

"கடைசியா என்னக்கா கேட்டாரு?"

ஆராயி தலை குனிந்துகொண்டாள்.

"'அவளுக்கு என்னைப் பாக்கவே புடிக்கலையா'ன்னு கேட்டாருடி."