மூன்றாவது பெயர்

பீன்யா தொழிற்பேட்டையில் கேத்தரினும் நானும் ஒரே மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவள் ஸ்டோர்ஸில், நான் சம்பளப் பிரிவில். ஒரு போல்ட் குறைந்தாலும் லாரிக்காரனை வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். எந்தச் சலானையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். அப்படிப்பட்டவள் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காகிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்றுவரை எனக்கு அது ஜீரணமாகவில்லை.

உண்மையில் கன்னடத்தில் இருந்த அதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. கன்னடம் பேசினால் கன்னடக்காரர்களே அசந்துபோவார்கள். எழுத்துதான் தெரியாது. இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேர் லட்சணம் இதுதான். கன்னடத்தில் பேரம் பேசுவோம், சண்டை போடுவோம், பஸ் வந்தால் மட்டும் நம்பரைப் பார்த்து ஏறுவோம்.

1993இல் அவளும் தம்பி கிளிஃபர்டும் சேர்ந்து நீலசந்திராவில் ஒரு வீடு வாங்கினார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. கேத்தரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பி.எஃப். கடனையும் அம்மா விட்டுப்போன வளையல்களையும் சேர்த்துப் பாதிக்கு மேல் போட்டது அவள்தான். பத்திரம் எழுதும் கோவிந்தப்பாவிடம் கிளிஃபர்ட் ஒரு சீட்டில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தான். முதலில் தன் பெயர், அடுத்து மனைவி ஜூலியா, மூன்றாவது அக்கா. ரிஜிஸ்டர் ஆபீஸில் கோவிந்தப்பா விரல் வைத்த இடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வரி ரசீது கிளிஃபர்ட் பெயரில் மட்டும் வந்தபோதுகூட, ரசீதில் ஒரு பெயர்தான் வரும் போலிருக்கிறது என்று கேத்தரின் விட்டுவிட்டாள்.

பதினொரு வருஷம் போயிற்று. ஓய்வு பெறுவதற்குள் மாடியில் தனக்கென்று ஒரு அறை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, வீட்டின் பேரில் பாங்கில் கடன் கேட்டிருந்தாள். மதிப்புப் போட ஆள் வருகிற சனிக்கிழமை, "நீ பக்கத்துல இருடி மங்களம், எனக்குப் படபடன்னு வருது" என்று என்னையும் அழைத்திருந்தாள்.

வந்தவர் பெயர் கணேசமூர்த்தி. டேப்பை இழுத்து அளந்தார், சுவரைத் தட்டினார், மாடிக்குப் போய் இறங்கினார்.

"பதினெட்டு லட்சத்துக்குக் கொறையாதுங்க."

ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய வீடு! கிளிஃபர்ட் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கேத்தரின் சிலுவை போட்டுக்கொண்டாள். அதுதான் அன்றைய அதிர்ச்சி என்று நினைத்தோம்.

கணேசமூர்த்தி பத்திரத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"மேடம், நீங்க இந்த வீட்டுக்கு என்ன வேணும்?"

"என்ன வேணுமா? ஓனருங்க."

"இல்லீங்களே. வாங்கினவங்க ரெண்டே பேரு. கிளிஃபர்ட், ஜூலியா. உங்க பேரு கடைசில இருக்கு. ரெண்டாவது சாட்சி."

கேத்தரின் சிரித்தாள். தமாஷ் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"மூணு பேருதானே எழுதிக் குடுத்தேன்!" என்று கிளிஃபர்ட் கத்தினான். சாட்சிக்கு ஆள் குறைந்திருக்கும், புருஷன் பெண்டாட்டி வாங்குகிறார்கள், அக்கா சாட்சிக்கு வந்திருக்கிறாள் என்று கோவிந்தப்பா தானாகவே முடிவு கட்டியிருக்க வேண்டும். கேட்கலாமென்றால் அந்த மனிதர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியிருந்தது.

அப்போதுதான் கிளிஃபர்ட் சமையலறைப் பக்கம் திரும்பினான். ஜூலியா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் மைசூரில் வளர்ந்தவள், பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள்.

"ஜூலி, நீ படிச்சிருப்பியே?"

அவள் தலை குனிந்தாள். "அன்னைக்கே படிச்சேன்."

பதினொரு வருஷம்! ஜூலியாவுக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் லீவு போட்டுக் கஞ்சி ஊட்டியது இந்தக் கேத்தரின்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இருவரும் சேர்ந்துதான் கல்கல் பலகாரம் பொரிப்பார்கள். எழுந்து அவளை ஓர் அறை விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அடுத்தவர் வீடாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கல்யாணம் ஆகிப் போனா வீடு பங்கு பிரியுமேன்னு பயந்தேங்க்கா. அப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. நீங்களும் கேக்கவே இல்ல."

கேத்தரின் அவளைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கணேசமூர்த்தியிடம், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஆட்டோ பிடித்து மல்லேஸ்வரம் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, எதிர்வீட்டுக் கன்னடக்காரரிடம் நீட்டினேன். என் பெயர் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

கிளிஃபர்ட் மானஸ்தன். பாதி வீட்டை அக்காவுக்கு எழுதிக்கொடுக்கப் பதினைந்தே நாளில் புதுப் பத்திரம் தயார் செய்துவிட்டான். ஜூலியாவும் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டாளோ என்று நான் பயந்தேன். ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

பத்திரம் எழுதியவர் படித்துக்காட்ட ஆரம்பித்ததும், கேத்தரின் அதை அவர் கையிலிருந்து வாங்கி ஜூலியாவிடம் கொடுத்தாள்.

"நீ படி. படிச்சுத் தமிழ்ல சொல்லு."

"பைத்தியமா உனக்கு? இவளையா நம்பறே?" என்று காதைக் கடித்தேன்.

"எழுதினவருதான் பக்கத்துல நிக்கிறாரே. அவ வாயால வரணும்டி."

ஜூலியா படித்தாள். எல்லை, அளவு, தெருப் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். "இந்த வீட்டுல சரிபாதி, இன்னையிலேருந்து..." என்ற இடத்தில் அவள் குரல் உள்ளே போனது. பெயரை முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள்.

பேனாவைத் திறந்து வைத்திருந்த கேத்தரின் அதை மூடினாள்.

"காதுல விழல ஜூலியா. பேரு வர்ற எடத்த இன்னொரு தடவ படி."