பம்புசெட்டில் சோதித்த ரெயின்கோட்டு

என் மனைவி மூச்சிரைப்பு வந்து ஆசுபத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: இனி மழையில் நனையக்கூடாது, ஈரத்தோடு இருக்கக்கூடாது. போடியில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இங்கே மழை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் அவளுக்கு வேலை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். காலையில் ஜீப் ஏறிப் போய், ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருவாள். அங்கே காயெடுப்பும் மழையும் ஒன்றாகத்தான் வரும்.

"இந்த வருசம் போகாத" என்றேன்.

"ஒரு வருசம் விட்டா ஜீப்புல என் எடத்துல வேற ஆளு உக்காந்திரும். அப்பறம் எந்த செட்டுல போயி எடம் கேக்குறது?"

அது நிஜம். இங்கே ஜீப்பில் இடம் போனால் வேலையும் போச்சு. என் தென்னந்தோப்பை நம்பி வீட்டில் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோப்பின் லட்சணம் அவளுக்குத் தெரியும். நல்ல ரெயின்கோட்டாகப் பார்த்து வாங்குவது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

தேனிக்குப் போனேன். கடையில் இருந்ததெல்லாம் பைக்கில் போகிறவர்களுக்கானவை. "மலையில நாள் பூரா போட்டு வேலை பாக்கணும், எது தாங்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாமே வாட்டர்ப்ரூப்தாண்ணே."

எரிச்சலாக வந்தது. கடைக்காரரும் என்னைப் போலத்தான், மழையைக் காணாதவர். நீளமான கோட்டு வேண்டாம், செடித் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கும்போது காலில் மாட்டும். தையலுக்கு மேல் டேப் ஒட்டிய, தலைக்குக் குல்லா வைத்த, கனமான குட்டைக் கோட்டு ஒன்றை எடுத்தேன். கூடவே பேண்ட்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அதை மாட்டி, தோப்புக்குக் கூட்டிப்போய், பம்புசெட்டுக் குழாய்க்கு அடியில் உட்கார வைத்து மோட்டாரைப் போட்டேன். எனக்குத் தெரிந்த பெரிய மழை அதுதான். அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். ரவிக்கையில் பொட்டு ஈரமில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவள் வந்ததும் தோளைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். டீக்கடையில் நான் அடித்த பெருமையில் இரண்டு பேர் கடைக்கு வழி கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இடையில் அவளுக்கு இருமல் வந்தது. தாளிப்பு நெடி என்றாள், நானும் நம்பினேன்.

ஒருநாள் ஜீப் டிரைவர் ஒரு பையோடு வந்தார். "அக்கா மறந்து விட்டுட்டுப் போயிருச்சுண்ணே." பை கனத்தது. உள்ளே பிழிந்து சுருட்டிய ரவிக்கையும் பாவாடையும்.

"இது எப்பிடி நனைஞ்சது?"

"தெனமும் இப்பிடித்தாண்ணே. அந்தக் கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்திருதாம். ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி மாத்திக்கிட்டுத்தான் ஏறும்."

நாள் முழுக்க அவள் ஈரத்தில்தான் இருந்திருக்கிறாள். மழைக்குத் தப்பிய நெஞ்சை நான் வாங்கிக் கொடுத்த கோட்டு நனைத்திருக்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அடுப்படியில் நின்றவள் என் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டாள்.

"ஆசையா வாங்கியாந்தீக. வேறென்னத்தச் சொல்ல?" என்றாள்.

தேனியில் இன்னும் நாலு கடை ஏறி இறங்கினேன். வேர்க்காத கோட்டு என்று கேட்டதும் ஒருவர் மெல்லிசாக ஒன்றைக் காட்டினார். தண்ணீரைத் தெளித்தேன், உள்ளே இறங்கியது.

மறுநாள் காலை அவள் பழைய கோட்டையே மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பாதிவரை இழுத்த ஜிப்பில் என் கை நின்றிருந்தது. மேலே இழுத்தால் வேர்வை. கீழே இறக்கினால் மழை.

"மூடவா, தொறந்து விடவா?" என்று கேட்டேன்.

அவளுக்கும் தெரியவில்லை. தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தது. அவள் என் கையை விலக்கிவிட்டு ஓடினாள்.