சுண்ணாம்பு போட்ட மண்

டெங்கிக் காய்ச்சலில் எங்கள் மகள் போன பிறகு, சுகாதார இலாகா ஆட்கள் வந்து வீட்டைச் சுற்றிப் புகையடித்தார்கள். தண்ணீர் தேங்குகிற எதையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் போனதும் என் கணவர் பின்பக்கம் இருந்த வாழை, பாண்டான், ஓமவல்லி, எல்லாவற்றையும் பிடுங்கி, பூந்தொட்டிகளையும் எடுத்து வெளியே போட்டார். ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை அளவுக்குத்தான் மண். அது வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கருமாதி முடிந்ததும் ஜார்ஜ்டவுனில் என் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். தட்டச்சு செய்தேன், போன் எடுத்தேன், சாப்பிட்டேன். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்வந்தால் மனசு லேசாகும் என்று அக்கா அழைத்துப் போனாள். படியேறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மறுநாள் கால் வலித்தது. அதுதான் தெரிந்தது.

கணவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை ஒரு செடிகூட நட்டதில்லை. இப்போது போனில் எதையெதையோ பார்த்து, மண்ணைச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதை மண்ணில் குத்திவிட்டு என்னிடம் வந்து, மண்ணில் அமிலம் ஏறிப் புளித்துக் கிடக்கிறது, சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்றார். சரி என்றேன்.

டோலமைட் சுண்ணாம்பு ஒரு மூட்டை வந்தது. பிறகு குவாரியிலிருந்து கருங்கல் தூள். பிறகு ஜிப்சம். காலையில் நான் கிளம்பும்போது முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தூவிக்கொண்டிருப்பார். சாயங்காலம் திரும்பும்போது கொத்திக்கொண்டிருப்பார். கத்திரி, மிளகாய் நட்டார். செடி கொஞ்சம் வளர்ந்து இலை வெளுத்தது. மண்ணுக்கு இன்னும் சத்துப் போதவில்லை என்று மறுபடியும் சுண்ணாம்பு போட்டார். மிச்சமிருந்த செடிகளும் மஞ்சளாயின. மழை விட்டதும் மண்மேல் வெள்ளையாக ஒரு ஆடை படிந்து கிடக்கும். அவர் விரல்கள் வெடித்திருந்தன. நானே தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் இலை நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். மூட்டையில் அதை விற்ற புக்கிட் மெர்தாஜாம் கடையின் முகவரி இருந்தது. கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று யோசிக்கவில்லை.

கடைக்காரர் தமிழர், என் வயதுதான் இருக்கும். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளுத்திருப்பதைக் காட்டினார்.

“சுண்ணாம்பு ரொம்ப ஏறிப்போச்சுக்கா. மண்ணுல இரும்புச் சத்து இருக்கும், ஆனா செடியால அத எடுக்க முடியாது. இனிமே ஒண்ணும் போடாதீங்கலா. காஞ்ச இலை தழைய மேல போட்டு மூடி விட்ருங்க. மழை பெய்யப் பெய்ய அதுவா சரியாவும்.”

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். பல மாதம் ஆகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் எழுந்து, பின்பக்கம் ஒரு புது மூட்டையின் வாயை அறுக்கக் கத்தியை விரித்துக்கொண்டிருந்தார். மூட்டையின் மேல் கை வைத்தேன்.

“போதுங்க. கடையில கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க போட்டது போதும். அதிகமாவே போட்டுட்டீங்க.”

அவர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

“அப்ப நான் என்னதான் செய்யறது?” என்றார்.

“ஒண்ணும் செய்ய வேணாம்.”

வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகில் கை வைத்திருந்தேன். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.

பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். பக்கத்துத் தெருவில் கூட்டிக் குவித்திருந்த சருகை அள்ளி வந்து மண்ணை மூடினோம். பிறகு மழைக்காலம் வந்தது. அவர் ஜன்னலுக்கு அருகே நின்று பார்ப்பார், வெளியே போகமாட்டார். முதலில் புல் முளைத்தது. பிடுங்க வேண்டாம் என்றார். புல் நல்ல பச்சையாக இருந்தது.

மழை ஓய்ந்த பிறகு ஒரு ஓரத்தில் மட்டும் பயற்றங்காய் விதை ஊன்றிக் கம்பு நட்டார். கொடி ஏறியது. காய்த்தது. பறித்துத் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினேன். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பயற்றங்காய் பயற்றங்காய் மாதிரிதான் இருந்தது.

“உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார்.

எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.