நடு நாற்காலிக்குச் சீட்டு

சின்ன ஸ்பீக்கர் ஐந்து, பெரிய சப்வூஃபர் ஒன்று, வயர் சுருள் ஆறு, திருகாணி இருபது, ரிமோட் ஒன்று, அதற்குப் பேட்டரி இரண்டு. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் பரப்பி எண்ணினேன். கையேட்டில் போட்டிருந்த கணக்கும் அதுதான். இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணினேன். ஒன்று குறைந்தாலும் மருமகன் வந்துதான் மாற்றித் தரவேண்டும். அவர் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார்; அவருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று அவருக்கே தெரியாது.

இந்த ஹோம் தியேட்டர் வேண்டும் என்று மகளிடம் கேட்டவன் நான். எனக்குச் சினிமா ஆசை கிடையாது. கேட்டது என் மனைவிக்காக.

மூன்று வருடமாக அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினாள். அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்வார்கள் என்று பிறகு குறைத்தாள். அப்புறம் டிவி முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டாள். படம் ஓடும்போது கதாநாயகனை அவன் முகத்துக்கு நேராகத் திட்டி, வில்லன் செத்தால் கைதட்டுகிறவள் அவள். எங்கள் உப்பேரிக் கரையில் இறாலும் நண்டும் வாங்கி விற்பவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். அந்தப் பேச்சும் தேய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் பேசிய வாக்கியங்களைக் காலையிலிருந்து எண்ணினேன். பதினொன்று. அதில் நான்கு சாப்பாட்டைப் பற்றி. காது டாக்டர் என்று நான் வாயெடுத்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைவாகிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்பீக்கர்களை மாட்ட அவளுடைய தம்பி வந்தான். ஏரியில் வலை போடுகிறவன். கையேட்டை நான் படிப்பது, வேலையை அவன் செய்வது என்று ஏற்பாடு. கூடம் பதினான்கு அடிக்குப் பதினொன்று. அளவு நாடா எதற்கு என்று சொல்லிவிட்டு ஒரு நைலான் கயிற்றை எடுத்து ஏழடியில் முடிச்சுப் போட்டான். கயிற்றின் ஒரு நுனியை நடுவில் போட்ட நாற்காலியில் கட்டி, முடிச்சை இழுத்துக்கொண்டு சுற்றிவந்து, முடிச்சு போய் நின்ற இடங்களில் எல்லாம் கரியால் குறி வைத்தான். டிவிக்கு நேர் கீழே ஒன்று, அதற்கு இடமும் வலமும் இரண்டு, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு. கோணம்கூடச் சரியாக இருந்தது.

ஆனால் திருகாணியைத் தொடமாட்டேன் என்றான்.

“உப்புக் காத்துல ஆணி துரு புடிச்சுப் பூடும் மாமா. முடிச்சு எங்கியும் போவாது.”

ஐந்தையும் வலைக்கயிற்றால் கட்டியே தொங்கவிட்டான். இருபது திருகாணிகளும் என் சட்டைப்பையில் கிடந்தன. எது எப்போது அவிழ்ந்து யார் தலையில் விழுமோ என்ற கவலை எனக்கு.

அடுத்த சண்டை, கனத்த சத்தம் தரும் சப்வூஃபருக்காக. எங்கள் பக்கத்தில் எந்தச் சாமான் வாங்கினாலும் முதல் கேள்வி, அதை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுதான். மழைக்காலத்தில் ஏரி தளும்பினால் தண்ணீர் சொல்லாமல் உள்ளே வரும். எங்கள் வீட்டு பிரிட்ஜே நான்கு வரி செங்கல்மேல்தான் நிற்கிறது.

“தரையில சுவர் ஓரமா வைக்கணும்னு போட்டிருக்குடா,” என்றேன்.

“எழுதனவன் எந்த ஊரு மாமா? அவன் வூட்டுக்குள்ள மீனு நீந்திகீதா?”

கையேட்டை மூடிவிட்டேன். பதினோரு கிலோ பெட்டியைத் தோளில் ஏற்றிப் பரணில் கொண்டுபோய் வைத்தான். அங்கே எவர்சில்வர் பாத்திரங்கள் பதினான்கு கவிழ்த்து வைத்திருந்தன.

சுவிட்சைப் போட்டோம். படத்தில் முதல் மேளம் விழுந்ததும் பரண் பலகை நடுங்கி, பதினான்கு பாத்திரமும் கிடுகிடுவென்று ஆடின. இட்லிச்சட்டி மூடி ஒன்று உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. பின்பக்கம் நண்டு கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“இன்னாடா, வூடு எறங்குதா?”

அவளுக்குக் கேட்டிருக்கிறது! எனக்கு மூடி விழுந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மேளம் நின்று ஆட்கள் பேச ஆரம்பித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவர்கள் உதட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்துக்கொண்டு நண்டிடம் திரும்பிவிட்டாள்.

இரண்டு நாள் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து யோசித்தேன். மேளத்தின் கனமான சத்தம் அவளுக்குக் கேட்கிறது. பேச்சின் மெல்லிய சத்தம் கேட்கவில்லை. பெரிய பெட்டி சின்னதை அமுக்குகிறது. பேச்சு முழுவதும் டிவிக்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும் என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் பெரியதைக் குறைத்து நடுவில் இருப்பதைக் கூட்டவேண்டும். மச்சானை வரவழைத்துப் பெட்டியைத் தரைக்கு இறக்கவைத்தேன். மழை வந்ததும் தூக்கிவிடலாம் என்று அதற்கு அப்போதே ஒரு கயிற்றுக் காதும் கட்டிவிட்டுப் போனான். சப்வூஃபரை மூன்றுக்குக் கொண்டுவந்தேன். நடு ஸ்பீக்கரை ஒவ்வொன்றாக ஏற்றி ஒன்பதில் நிறுத்தினேன். நடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் பக்கத்தில் இருந்து பேசுவது போல இருந்தது.

அவளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் காட்டினேன். “இங்க உக்காரு. உனக்கு இங்கதான் நல்லாக் கேக்கும்.”

அவள் நாற்காலியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“செவிடிக்குத் தனி சேரு போட்டுட்டியா, சாரு? வாசல்ல ஒரு போர்டும் எழுதி மாட்டு.”

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தவன் நான். கோபம் வந்தால் மட்டும் அவள் என்னை ‘சாரு’ என்பாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலிப் பக்கம்கூட அவள் வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்து, திறந்திருந்த கதவையும் சாத்திவிட்டேன்.

இதற்குள் மச்சான் கரையெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தால் படகு முதுகுக்குப் பின்னால் கிளம்பிக் காதைத் தாண்டி முன்னால் போகும், முகத்தில் தண்ணீர் தெறிக்காததுதான் பாக்கி என்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கூடத்தில் பதினேழு பேர். எங்களையும் சேர்த்து ஒன்பது வீடு. எல்லோர் கண்ணும் ஒரே நாற்காலிமேல். எதிர்வீட்டுக்காரி முதலில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்க அவள் எழுந்ததும் வலைக்காரர் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்.

“யோவ், நான் சொம்பு தூக்கறதுக்குள்ள இன்னா அவசரம்?”

“சேருல உம் பேரு எழுதிகீதா?”

படம் தொடங்கவேயில்லை, சத்தம் அதற்குள் ஏறிவிட்டது. அப்போதுதான் மச்சான் கையைத் தட்டினான்.

“கம்முனு இருங்க. பாடு போட்டுடலாம்.”

உடனே எல்லோரும் அடங்கினார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதை எங்கள் ஊர்களில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஒருவருக்கு விழுந்த முறை அவருடைய பாடு. அதில் தலைவரே வந்தாலும் குறுக்கே வலை போடமுடியாது. முறை இல்லாதவர் கெஞ்சியும் பிரயோசனமில்லை. நாற்காலிக்கும் அதே விதி என்றால் யார் மறுப்பது? வீட்டுக்கு ஒரு சீட்டு, அரை மணிக்கு ஒரு பாடு. படம் இரண்டரை மணி நேரம். இன்று ஐந்து வீட்டுக்கு, மிச்சம் நான்கு அடுத்த ஞாயிறு.

சீட்டு எழுதியது நான். எங்கள் சீட்டின் ஓரத்தை லேசாக மடக்கி வைத்தால் எடுப்பவன் விரலுக்குத் தட்டுப்படும். எடுக்கப்போவது மச்சான்தான்; கண்ணால் சொன்னால் புரிந்துகொள்வான். மறைப்பானேன், பேனாவை மூடியபடி அதைத்தான் நினைத்தேன். நிமிர்ந்தபோது என் மனைவி அடுப்படி வாசலில் சாய்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது சீட்டையும் ஒரே மாதிரி மடித்துச் சொம்பில் போட்டேன்.

முதல் சீட்டு வலைக்காரருக்கு. இரண்டாவது எதிர்வீட்டுக்கு. மூன்றாவது கோடிவீட்டுப் பெரியவருக்கு. நான்காவது எங்கள் வீட்டுக்கு. மச்சான் தன் அக்காவைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினான். அவள் கூடத்துக்கு வரவில்லை. உள்ளே போகவும் இல்லை.

நாற்காலியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மாதிரி அலட்டினார்கள். வலைக்காரர் இரண்டு தடவை பின்னால் திரும்பி யார் கூப்பிட்டது என்று பார்த்தார். பெரியவர் மழைக் காட்சியில் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் பாடு முடிந்து இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடம் என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

“எந்திரி நைனா. எம் பாடு.”

பெரியவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள்.

படத்தில் ஒரு தாய் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி முணுமுணுக்கிற இடம். பாட்டில்லை, மேளமில்லை. என் மனைவி முதலில் முன்னால் சாய்ந்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்து கால்மேல் கால் போட்டாள். அந்தத் தாய் ஏதோ சொல்லி முடித்தாள். அது என் காதில் சரியாக விழவில்லை. என் மனைவி குபீரென்று சிரித்தாள்.

“இன்னாக்கா, இன்னா சொன்னா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“அந்த மாப்பிள்ளைக்கு மூஞ்சி மடவை மீனு மாதிரி கீதாம்!” என்றவள் என் பக்கம் கையை நீட்டினாள். “திருப்பி வை. இன்னொரு தபா கேக்கணும்.”

“யக்கா, படம் போவட்டும்க்கா!” என்று நாலைந்து பேர்.

“எம் பாட்டுல நான் இன்னா வேணா கேப்பேன். வைய்யா.”

மூன்று தடவை திருப்பி வைத்தேன். பதினாறு பேரும் காத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் யாரும் இல்லை. நான் சொல்லாமலேயே புளியும் முறமுமாக வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இப்போது செவிடிக்குப் போட்ட நாற்காலி இல்லை. ஒன்பது வீடு அடித்துக்கொள்ளும் நாற்காலி. ஒரு முழுப் படம் பார்த்தாள். கதாநாயகனை ஏழு தடவை திட்டினாள். படம் முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தப் பொட்டிய கரைக்குத் தூக்கினு போவ முடியாது, இல்ல?”

“எதுக்கு?”

“அங்க அவனுங்கோ பேசறது பாதி காதுல வுழமாட்டுது. தலைய ஆட்டிட்டு வந்துடறேன்.” கொஞ்ச நேரம் புளிக்கொட்டையை நோண்டினாள். “பொன்னேரில காது டாக்டரு எந்தக் கெழமை உக்கார்றாரு?”

வியாழன் என்றேன். விசாரித்து வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது என்று சொல்லவில்லை. காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம். அது நேரத்துக்கு வருமா, டோக்கன் கிடைக்குமா, கருவி மாட்டச் சொன்னால் ஒத்துக்கொள்வாளா என்று எனக்குக் கவலை மூன்று. அவளானால் எதிர்வீட்டு வாசலில் நின்று, தான் வியாழக்கிழமை பொன்னேரி போவதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.