ஒலி சுழற்றிய நீரும் ரஹீம் பாயும்

இந்த இரங்கல் குறிப்பை நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ரஹீம் பாயை என்னைவிட நெடுங்காலம் அறிந்தவர்கள் இந்த அருள்புரம் பனியன் கம்பெனியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வியாழக்கிழமை சாயச் சோதனை அறையில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். கட்டிங் பிரிவு சரசக்கா வந்து, "பாய் போயிட்டாருங்க" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர் எட்டிக் குழாயை மூடினார்.

நிட்டிங் மெஷின் ஊசிகளைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டி பாயின் பொறுப்பில் இருந்தது. காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்து, ஊசியில் சிக்கிய பஞ்சையும் எண்ணெயையும் அது உதிர்க்கும். நூலளவு இடுக்கில் சாயத் தண்ணீரைக் கலக்குவது பற்றி, இங்கே வேலை பார்த்துக்கொண்டே நான் செய்த எம்.ஃபில் ஆய்வுக்கு அந்த ஒலிதான் வேண்டியிருந்தது. பழுதான தொட்டியின் அதிர்வுத் தகட்டைக் கழற்றி, நூலளவு இடைவெளி விட்ட இரண்டு கண்ணாடிச் சில்லுகளை அதன்மேல் ஒட்டிக் கொடுத்தார். உள்ளே சாயத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். சுவிட்சைப் போட்டதும் அதிலிருந்த பஞ்சுத் துகள்கள் வட்டமடித்தன.

"தகடு சூடாகுதுங்க பாய். அந்தச் சூட்டுலதான் தண்ணி சுத்துது" என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

அவர் சுவிட்சை அணைத்தார். துகள்கள் அக்கணமே நின்றன.

"ஏனுங்க டிகிரிக்கார அம்மிணி, சூடுன்னா ஒடனே போயிருமுங்களா? இப்ப ஆஃப் பண்ணின இஸ்திரிப் பொட்டியப் போயித் தொட்டுப் பாருங்க. கை வெந்தா எங்கிட்ட வராதீங்க!"

நான் தொடவில்லை. நோட்டில் எழுதியதை அடித்தேன். பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ஒலி நீரை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. கண்ணாடியை ஒட்டிய நீர் உராய்வால் பின்தங்க, போக்குக்கும் வரவுக்கும் ஈடாகாத ஒரு சிறு தள்ளல் மிஞ்சுகிறது. அதுவே நீரைச் சுற்றவைக்கிறது. எந்தக் குச்சியும் நுழையாத இடத்தில் ஒலி கலக்கிவிடுகிறது.

டைப் அடித்த ஆய்வேடு தேறியது. "இஸ்திரிப் பொட்டி பேரையாச்சும் போட்டீங்களா?" என்று பாய் கேட்டார். சிரித்து நழுவினேன். 'உதவிய தொழிலாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரிதான் போட்டிருந்தேன். அதன்பிறகும் அவர் ஒரு நாளும் முகம் மாறியதில்லை.

"தப்பா எழுதறதுக்கு, தெரியலைன்னே எழுதிப்போடலாமுங்க" என்பார். காரணம் எழுதுமுன் ஒருமுறை அணைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அவர் தந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தோடு என்ன செய்வதென்று அந்தப் பழக்கம்தான் காட்டியது.

இப்போது கல்லூரி மலருக்கு அந்த ஆய்வைக் கட்டுரையாகக் கேட்டிருக்கிறார்கள். இம்முறை இரண்டு பெயர்கள் போகும். இதுவரை கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். ஆறு வருடமும் பாய் என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் வீட்டில் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அவருடைய முழுப்பெயரையும் இனிஷியலையும் தெரிந்தவர்கள் ஒரு தாளில் எழுதித் தாருங்கள்.