சித்திரை வெயிலில் நிரம்பிய மழை டப்பா

இன்று காலை பால் அடுப்பில் இருக்கும்போது கைப்பேசி டிங்கென்றது. காற்றில் ஈரம் குறைவு, பகலில் வறண்ட மேல்காற்று, புதர்க்காடுகளில் தீ அபாயம் அதிகம் என்று ஒரு செய்தி, பக்கத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு. என் வீட்டுக்காரர் அதே செய்தியைத் தன் கைப்பேசியில் தள்ளிவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். காஞ்சிபுரத்துச் சந்தில் என்ன வாசனை வரும்? பக்கத்து வீட்டு சாம்பார்தான் வந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

நான் தேடியது வேறு வாசனை. வெயிலில் முறுகிப்போன மஞ்சம்புல்லுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் பழைய வைக்கோல், கொஞ்சம் மூக்கில் ஏறும் புழுதி. இருபத்திரண்டு வயதிலிருந்து மூன்று கோடைகாலம் அந்த வாசனைதான் எனக்குச் சம்பளம் வாங்கிக்கொடுத்தது. நம்புங்கள், புல்லை மோந்து பார்ப்பது அப்போது ஒரு உத்தியோகம்.

எங்கள் ஊர் உத்திரமேரூரைத் தாண்டி உள்ளே போகவேண்டும். ஊருக்கு மேற்கே பெரிய புதர்க்காடு. காரை, சூரை, களா, ஈச்சம்புதர், நடுநடுவே ஆள் உயரப் புல். கோடையில் அங்கே ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். அதனால் பங்குனி பிறந்ததும் தினமும் காற்று, வெயில், மழையைக் குறித்து வனத்துறை ஆபீசுக்குப் போனில் சொல்ல ஒரு ஆள் வைத்தார்கள். அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்து மைதானத்தில் கம்பிவேலி போட்ட ஒரு மூலை என் ராஜ்ஜியம். வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானி, பக்கத்தில் மழையளக்கும் பாத்திரம். ஊரில் முதலாவதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர், இரண்டாவதற்கு மழை டப்பா. எட்டரை மணிக்கு இதெல்லாம் பார்த்துவிட்டு, காட்டோரம் நாலு இடத்தில் புல்லைப் பிடுங்கிக் கையில் கசக்குவேன். வளைந்தால் மஞ்சள். படபடவென்று ஒடிந்தால் சிவப்பு. போனில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பில் இருக்கும் தகரப் பலகையில் அந்த நிறத் தகட்டை மாட்டவேண்டும்.

இதில் ஒரு கூத்து. நான் வெயிலைப் பார்த்து எழுதுகிறேன் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. நான் எழுதுவதைப் பார்த்துத்தான் வெயில் அடிக்கிறது என்று நினைத்தார்கள். "நாளைக்கு செவப்பு போட்டுடு கண்ணு, வடகம் காயணும்" என்று ஒரு அக்கா சொல்லிவிட்டுப் போகும். துணி துவைத்த நாளில் மேகம் போட்டால் என்னைத்தான் முறைப்பார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. பலகைக்கு முன்னால் போகும்போது ஒரு நடை நடப்பேன் பாருங்கள், கலெக்டர் கெட்டார்.

ஆனால் சிவப்பு வெறும் நிறமில்லை. சிவப்பு மாட்டிய நாளில் காட்டோரம் திறந்தவெளியில் அடுப்பு மூட்டக்கூடாது. சர்ச்சு மைதானம் சரியாகக் காட்டை ஒட்டி இருந்தது. காலனிக்காரர்களுக்கு இருந்த ஒரே மைதானம் அதுதான்.

அந்தக் காலனியில்தான் அருளப்பண்ணன் வீடு. எங்கள் கழனியில் வருஷக்கணக்காக வரப்பு வெட்டி, நாற்றுவிட்டு, அறுப்பு அறுத்தவர். அவர் மகள் ஸ்டெல்லா பத்தாவது வரைக்கும் என் பக்கத்து பெஞ்சு. அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜகுளம். ஒரு பஸ் நிறைய ஜனம் வரப்போகிறது. காவாந்தண்டலத்து பாஷா பாயிடம் பிரியாணி சொல்லியாயிற்று, சர்ச்சு மைதானத்தில் பந்தல் போட்டு விறகும் அடுக்கியாயிற்று. கல்யாணம் புதன்கிழமை. அதற்கு முந்தின வாரம் முழுக்க என் பலகையில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

அருளப்பண்ணன் தினமும் எட்டேகாலுக்கே வேலியோரம் வந்து நிற்பார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் செவப்பா?"

"செவப்புதாண்ணே. புல்லு அப்பளமா நொறுங்குது."

"புதன்கெயமை மட்டும் மஞ்சளு போட்டுடு பாப்பா. அவ்ளோ சனம் வருது. பசியோட திருப்பி அனுப்பினா எம் பொண்ணு அந்த வூட்ல எப்பிடி தலை நிமுந்து நிப்பா?"

காலனித் தெருவில் அடுப்பு வைக்கமுடியாது, எல்லாம் கூரை வீடு. ஏரியில் தண்ணீர் வற்றிக் கோரை காய்ந்து கிடந்தது. ஊரில் பயமில்லாமல் விறகு எரிக்க ஒரே இடம் ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் பம்புசெட்டுக் கழனி. அறுப்பு முடிந்து வெறும் தரை, பக்கத்திலேயே தண்ணீர். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கழனியில் காலனி ஆட்கள் வேலை செய்யலாம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைக் கேட்பது என்பது எங்கள் ஊரில் கேட்கக்கூடிய விஷயமாகவே இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாப்பிடும்போது மெதுவாக என் அப்பாவிடம், எங்களுக்கு அவர் நைனா, சொல்லிப் பார்த்தேன்.

"கயனில அடுப்பா?" என்று நைனா கையை உதறினார். "இன்னிக்கு இவன் கேப்பான், நாளைக்கு எல்லாரும் வருவானுங்க. பேஜாரு புடிச்ச வேலை. வுடு."

விடு என்று சொன்னாரே தவிர, அவருக்குச் சோறு இறங்கவில்லை. அருளப்பண்ணன் மேல் நைனாவுக்கு நிஜமாகவே பிரியம். அவருக்குக் காய்ச்சல் என்றால் டிவிஎஸ்-ஐ எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்க ஓடுவார். ஆனால் கழனி என்று வந்தால் மனுஷன் மரமாகிவிடுவார். நானும் மூன்று நாள் அவரிடம் பேசாமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அதற்கெல்லாம் அசைகிற ஆளா அவர்?

புதன்கிழமை வந்தது. வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. நான் வேலிக்குள் போனேன். மழை டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது! சித்திரை மாதம், மண் வெடித்துக் கிடக்கிறது, எங்கள் ஊரில் மட்டும் வெள்ளம். டப்பாவைச் சுற்றி ஒரே சேறு. வேலியில் ஒரு நீல பிளாஸ்டிக் குடம் மாட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பக்கெட். டப்பாவுக்கு அடியில் ஒரு பித்தளைச் சொம்பு.

வேலிக்கு வெளியே புது வேட்டியில் அருளப்பண்ணன். பக்கத்தில் கையில் கரண்டியோடு பாஷா பாய். இரண்டு பேர் முகத்திலும் பால் வடிந்தது.

"மயை பெஞ்சிட்ச்சே பாப்பா!" என்றார் அருளப்பண்ணன்.

"எங்கண்ணே பெஞ்சுது?"

"நல்லா பெஞ்சுதும்மா" என்று பாஷா பாய் ஒத்து ஊதினார். "சடசடன்னு."

"இந்த டப்பா மேல மட்டுமா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கினால் மூக்கு வழியாக வருகிறது. நான் சிரித்ததும் அருளப்பண்ணன் உடைந்துவிட்டார். "நான் ஒரே ஒரு கொடந்தான் பாப்பா ஊத்தினேன், சத்தியமா" என்றார். "நான் அரை பக்கெட்டு" என்றார் பாஷா பாய். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அப்படியானால் சொம்பு யாருடையது? எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் என் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சொம்பு! நிமிர்ந்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நைனா, கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து என் செல்லுக்குப் போன். "ரீடிங் சொல்லும்மா."

அருளப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வார்த்தை, மழை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸ்டெல்லா கல்யாணத்தில் பிரியாணி வெந்துவிடும். என் கையில் அப்போதுதான் கசக்கிய புல் இருந்தது, பொடிப்பொடியாய்.

"மழை இல்லை சார். சிவப்பு."

அருளப்பண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுகை எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். சொம்பைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்து கத்தினேன்.

"நைனா! மயை பெய்ய வெக்க விடியறதுக்குள்ள சொம்பைத் தூக்கிக்கினு வந்தியே, நம்ம கயனியக் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா ஒனக்கு?"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நைனா காக்காயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அருளப்பண்ணனைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்து, யார்மேல் பாய்வது என்று தெரியாமல் பாஷா பாய்மேல் பாய்ந்தார்.

"யோவ் பாய், இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற? அண்டாவத் தூக்கு! கயனிக்கு எட்த்துக்கினு வா!" அப்புறம் குரல் இறங்கியது. "எய்ந்திரு அருளப்பா. புது வேட்டி மண்ணாவுது."

அடடா, அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! டிராக்டரில் அண்டாக்கள், அண்டாவுக்குள் ஆட்டுக்கறி, கறிமேல் மூடி, மூடிமேல் பாஷா பாய். பம்புசெட்டை ஓடவிட்டு அடுப்பைச் சுற்றித் தரையை நனைத்தோம். நைனாவே தன் தென்னைமட்டையை எல்லாம் விறகுக்குக் கொடுத்தார். பூசை முடிந்து ஜனம் வந்தபோது தம் போட்டாயிற்று. வாய்க்கால் ஓரத்துத் தென்னை நிழலில் பந்தி. மாப்பிள்ளையின் பளபள ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வந்தது. நைனா தயிர் வெங்காயம் பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கேசரி மேலெல்லாம் ஊற்றினார். அருளப்பண்ணன் இலைக்கு வந்ததும் நின்று, "போதுமா?" என்று கேட்டார். "போதும்" என்றார் அவர். அது கேட்டதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. பொய், பிரியாணியும் இரண்டு தடவை வாங்கினேன்.

மூன்று மணி இருக்கும். வெற்றிலை போடும் நேரம். சர்ச்சுக்குப் பின்னால் புகை. யாரோ வேன் டிரைவர் காட்டோரம் பீடியைப் போட்டுவிட்டார். மேல்காற்று அதை அப்படியே காலனிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. காலியாகக் கிடந்த பந்தல் கண்ணெதிரே பொசுங்கி விழுந்தது. காலையில் நான் மழை என்று சொல்லியிருந்தால் அந்தப் பந்தலுக்கு அடியில் குழந்தை குட்டியோடு எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அதை நினைத்துப் பார்க்க யார் நேரம் கொடுத்தார்கள்? அரிசிச் சாக்கையெல்லாம் வாய்க்காலில் முக்கிக்கொண்டு கல்யாணக் கூட்டமே ஓடியது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராஜகுளத்துப் பெண்கள் புங்கங்கிளையால் நெருப்பை விளாசினார்கள். ஸ்டெல்லா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, "பாத்துக்கோடி" என்று நெருப்பை அடிக்கப் போய்விட்டாள். மாலையும் கழுத்துமாய் நெருப்பை அடித்த ஒரே உத்தியோகஸ்தி நானாகத்தான் இருப்பேன். அடிக்க அடிக்க அது கூரைவீடுகளை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கைகள் சோர்ந்துபோயின.

அப்போது என் பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. ஈரமாய், லேசாய் உப்பு வாசனையோடு. கோடையில் தினமும் சாயங்காலம் கிழக்கே கடலிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரும் காற்று அது. அன்றைக்கு ஒரு மணிநேரம் முன்னாலேயே வந்துவிட்டது.

"கடக்காத்து! கடக்காத்து வந்துட்ச்சு!" என்று கத்தினேன்.

நெருப்பு ஒரு நிமிஷம் தடுமாறியது. அப்புறம் திரும்பித் தான் எரித்த கரி மேலேயே படுத்தது. அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் புகைந்து, அணைந்து போயிற்று. நாங்கள் எல்லோரும் கரி பூசிய முகத்தோடு குதித்தோம் பாருங்கள், நாதஸ்வரம் இல்லாத குறைதான். அருளப்பண்ணனும் நைனாவும் ஒரே ஈரச்சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றிருந்தார்கள். எனக்கு ஒரு புருவம் போயிருந்தது. அது முளைக்கும்வரை மையால் வரைந்துகொண்டுதான் ரீடிங் எடுத்தேன்.

மறுநாள் ஆபீசில் கேட்டார்கள், யார் அணைத்தது என்று. கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்றேன். "சரியாச் சொல்லும்மா" என்று மறுபடி கேட்டார்கள். சரியாகத்தானே சொன்னேன்?

இப்போது அந்த வேலை இல்லை. கோழிக்கூண்டு இருந்த இடத்தில் ஒரு கம்பம் நிற்கிறது, தானே அளந்து தானே அனுப்பிவிடுகிறது. அதனிடம் போய் யாரும் மஞ்சள் கேட்பதில்லை. நைனா போன பிறகு தம்பி கழனியை விற்றுவிட்டான். பாஷா பாயும் இல்லை, அருளப்பண்ணனும் இல்லை. போன மாதம் ஸ்டெல்லா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா, உத்திரமேரூரில் ஏசி மண்டபம், கேஸ் அடுப்பு. யாரிடமும் போய் இடம் கேட்டு நிற்கவேண்டியதில்லை. அது நல்லதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது அவளிடம் கேட்டேன், இந்த வெயிலுக்கு நம்ம ஊர்ப் பக்கம் நெருப்பு கிருப்பு பிடிக்கவில்லையே என்று.

ஸ்டெல்லா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"காட்டையே பிளாட்டு போட்டு வித்துட்டானுங்களேடி. அங்க இன்னா கீது எரியறதுக்கு?"